மாட்டுக்காரர் படத்தில் என் வீட்டுக்காரர் செத்த கதை

என் வீட்டுக்காரர் ஒரே சினிமாவில் ஐந்து முறை செத்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போடியில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஆறாவது முறையும் செத்திருப்பார், அதற்குள் ஷூட்டிங்கை மூட்டை கட்டிவிட்டார்கள்.

எழுபதுகளில் தமிழில் அப்படி ஒரு சீசன் இருந்தது. தலையில் அகலத் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, கழுத்தில் கைக்குட்டை, தொடைக்கு நடுவில் குதிரை. வாயைத் திறந்தால் மட்டும் நம்ம தமிழ். அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்களைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் படமெடுத்தார்களாம். அதைப் பார்த்து வேறு நாட்டுக்காரர்கள் எடுத்தார்களாம். அதையெல்லாம் பார்த்துவிட்டு மெட்ராஸ்காரர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. வந்த ஆசை நேராக எங்கள் குரங்கணிக்கா வரவேண்டும்? வந்தது.

முதலில் என் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிறந்த ஊர் சிலமலை. அப்பா விவசாயி. மண்வெட்டி பிடிக்காத கையை அவர் கை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். அவருடைய அக்கா மகன்தான் என் வீட்டுக்காரர். அத்தை சின்ன வயதிலேயே போய்விட்டதால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். எனக்கு முறை மச்சான். ஊரே பேசி வைத்திருந்த சம்பந்தம். ஆனால் மச்சான் ஏர் பிடிக்கிற வேலையை விட்டுவிட்டு, குரங்கணியில் ஏலக்காய் மூட்டை ஏற்றும் ஜீப்புக்கு டிரைவராகப் போய்விட்டார். அப்பாவுக்கு ஆகவே இல்லை. "ஸ்டியரிங்கப் புடிச்சுச் சுத்துறவனுக்கா எம் மகளக் குடுப்பேன்?" என்று கத்திவிட்டு, தேவாரத்தில் தோப்பும் கிணறுமாக இருந்த ஒருவரைப் பேசி முடித்தார். நான் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மச்சானின் ஜீப்பில் ஏறிவிட்டேன். கோயிலுக்குத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. தாலி கட்டிக்கொண்டு குரங்கணிக்குக் குடி வந்தேன்.

அப்பா எங்கள் இரண்டு பேரையும் தலை முழுகக் கிளம்பினார். பம்புசெட்டுக்குப் போனால் கரண்டு இல்லை. அதற்காக விடுகிற ஆளா? துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து கரண்டு வருகிறவரை காத்திருந்து, மோட்டார் ஓடியதும் தலையைக் கொடுத்தாராம். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவருக்கு மனசு மாறவில்லையே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு போடி பஸ் ஸ்டாண்டில் எதிரே பார்த்தால்கூட அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் அவர் மகள்தானே, நானும் திருப்பிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அழுவேன். இனிமேல் அந்த மனுஷன் என்னோடு பேசவே மாட்டாரோ என்பதுதான் அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே பயம். மச்சான் அதைப் பற்றிப் பேச மாட்டார். ஆனால் சிலமலைக்காரர் யாராவது ஜீப்பில் ஏறினால், "மாமா நல்லாருக்காரா?" என்று முதல் கேள்வியாகக் கேட்பார்.

இந்த நேரத்தில்தான் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். டைரக்டர் கேட்டது பாலைவனமாம். யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குக் குரங்கணியைக் கைகாட்டிவிட்டிருக்கிறார். வந்து இறங்கிய அன்றைக்கே சாரல். மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த தொப்பிகளில் பாதி அட்டைத் தொப்பி. நனைந்ததும் விளிம்பு தொங்கி, வில்லன் கூட்டம் மொத்தமும் பொங்கல் பானையைக் கவிழ்த்துக்கொண்ட மாதிரி நின்றது. அடிவாரத்தில் முள்ளும் பாறையுமாக இருந்த ஒரு மொட்டைச் சரிவைக் கண்டுபிடித்து, "இதுதான் பாலைவனம், யாரும் பின்னாடி இருக்கிற பச்சையைப் பார்க்காதீங்க" என்று டைரக்டர் உத்தரவு போட்டார். பலகையை நட்டு ஒரு பேங்கு, ஒரு சாராயக்கடை கட்டினார்கள். முன்பக்கம் மட்டும்தான் கடை, பின்பக்கம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் கிடைக்குமா என்று உள்ளே நுழைந்து, மறுபக்கம் முள்ளுக்குள் வெளியே வந்தாள்.

பெரிய கூத்து குதிரையில்தான். மெட்ராஸிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த லாரி வத்தலகுண்டிலேயே நின்றுவிட்டது. என்ன செய்வது? எங்கள் ஊரில் குதிரைக்கா பஞ்சம்? மலை மேலிருக்கிற தோட்டங்களிலிருந்து ஏலக்காயும் காப்பிக்கொட்டையும் சுமந்து இறங்குகிற மட்டக்குதிரைகள் ஒரு கூட்டமே இருந்தன. டைரக்டர் அவற்றைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குட்டையா இருக்கே" என்று முனகினார். கதாநாயகர் ஏறி உட்கார்ந்தார். அவர் நல்ல உயரம். கால் இரண்டும் தரையைத் தொட்டன. குதிரை நடந்தால் அவரும் கூடவே நடக்கலாம்.

அந்தக் குதிரைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் போகிற குதிரைக்கு மட்டும் கழுத்தில் மணி. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஒற்றை வரிசையில்தான் வரும். மலைப்பாதையில் ஒன்றை ஒன்று முந்தினால் பள்ளத்தில் விழ வேண்டியதுதான், அதனால் அப்படியே பழக்கியிருந்தார்கள். மணிக்குதிரைதான் பார்க்க அம்சமாக இருந்தது. கதாநாயகர் அதில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்துவிட்டார். காட்சி என்னவென்றால், பேங்கைக் கொள்ளையடித்துவிட்டு வில்லன் கூட்டம் பறக்கிறது, கதாநாயகர் துரத்துகிறார்.

"ஆக்‌ஷன்!" என்றார் டைரக்டர். வில்லன் குதிரையை உதைத்தார். அது அசையவில்லை. இன்னொரு உதை. திரும்பி மணிக்குதிரையைப் பார்த்தது. நீ போனால்தானே நான் போவேன் என்று நின்றது. கொள்ளைக்கூட்டம் முழுவதும் பணமூட்டையோடு நடுரோட்டில் நிற்க, கதாநாயகர் பின்னாலிருந்து வந்து அவர்களைத் தாண்டி முன்னால் போனார். அவர் போனதுதான் தாமதம், திருடர்கள் அத்தனை பேரும் வரிசையாக அவர் பின்னாலேயே நடந்தார்கள்.

"கட்! கட்! யோவ், யாருய்யா யாரைத் துரத்துறது?" என்று டைரக்டர் தொப்பியைக் கழற்றி எறிந்தார்.

குதிரைக்கார அண்ணனுக்கோ ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தானே சார் போகுது, ஒண்ணுகூட வரிச தப்பலயே!" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலமே டைரக்டர் கதையை மாற்றிவிட்டார். இனிமேல் திருடர்கள்தான் கதாநாயகரைத் துரத்துவார்கள். சரி, அதையாவது எடுத்தார்களா? டீக்கடை வளைவு வந்ததும் குதிரைகள் தாமாகவே நின்றுவிட்டன. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் டீ குடிக்கிற இடம் அது. முதுகில் இருக்கிறவரை இறக்காமல் அவை நகரவே நகராது. வேறு வழியில்லாமல் துப்பாக்கிச் சண்டையை டீக்கடை வளைவிலேயே வைத்துவிட்டார்கள். எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. கையில் டீயோடு உட்கார்ந்து பார்த்தோம்.

அதற்குள் வில்லன் கூட்டத்துச் சண்டைக்காரர்கள் ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள். அவர்களைப் போடி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தவர் மச்சான். மீசையும் உயரமுமாக ஆள் நன்றாக இருப்பார். டைரக்டர் மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, சாகத் தெரியுமா?" என்று கேட்டார். "பழகிக்கிறேன் சார்" என்றார் இவர். கட்டின பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை.

நான் விஷயம் தெரியாமல் டீக்கடை வளைவுக்குப் போய் நிற்கிறேன். தொப்பி போட்ட ஒருத்தன் பாறை மேல் ஏறினான். கதாநாயகர் சுட்டார். பொட்டுவெடிதான், பட்டென்று ஒரு சத்தம். பாறை மேல் நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, உண்ணிச்செடிப் புதருக்குள் உருண்டு, மல்லாக்க விழுந்தான். தொப்பி தனியாக உருண்டது. பார்த்தால் என் புருஷன்! என் கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது. "அட பாவி மக்கா!" என்று நான் போட்ட கூச்சலில் கேமராக்காரரே பயந்துவிட்டார்.

எனக்கு நடிப்பென்று தெரியாமல் இல்லை. ஆனாலும் மனசு கேட்க வேண்டுமே. நேராக டைரக்டரிடம் போனேன். "யாரக் கேட்டுய்யா எம் புருசனச் சாகடிச்ச?" என்றேன். அவர் என்னைப் பார்த்து நாலடி பின்னால் போனார். மேக்கப் போடுகிற பெரியவர்தான் குறுக்கே வந்தார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. சினிமாவில செத்தவங்களை அப்படியே விடமாட்டோம். எழுப்பி உட்கார வெச்சு, சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்துடுவோம். தோஷம் போயிடும். பெரிய நடிகருங்களுக்கே அப்படித்தான்" என்றார். "அப்ப இப்பவே எடுங்க, நான் பாக்கணும்" என்று இடுப்பில் கையை வைத்து நின்றேன். எடுத்தார்கள். மச்சான் உடம்பெல்லாம் முள்ளோடு எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்து ஈ என்று இளித்தார். எனக்கு மூச்சு வந்தது. அந்த ஷாட்டுக்குக் கேமராவில் பிலிமே ஓடவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. போகட்டும், சிரித்தது சிரித்ததுதானே.

நன்றாகச் சாகிறான் என்று பெயர் வாங்கிவிட்டார். அப்புறம் விடுவார்களா? தாடி ஒட்டி ஒரு முறை, ஒற்றைக் கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்து ஒரு முறை, நரைமுடி வைத்துக் கிழவனாக ஒரு முறை, கடைசியாகப் பேங்கு மேனேஜராக ஒரு முறை என்று சாகடித்தார்கள். திருடனும் அவரே, திருட்டுக் கொடுத்தவரும் அவரே. ஒவ்வொரு சாவுக்கும் நான் போய் நின்று சிரிக்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். டைரக்டர் என்னைக் கண்டாலே, "அந்தம்மா வந்துட்டாங்க, வெரசா சிரிக்க வைங்கப்பா" என்று எங்கள் பேச்சிலேயே சொல்லப் பழகிவிட்டார்.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. குழம்பு ஊற்றப் போனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தட்டுப் பக்கத்தில் சரிவார். "தண்ணி கொண்டா" என்று தீனமாகக் கேட்பார். கொண்டுவந்தால் குடிக்காமல் செத்துவிடுவார். "மச்சான், எந்திரிச்சுச் சாப்பிட்டுட்டுச் சாகுங்க, சோறு ஆறுது" என்பேன்.

படம் வந்தது. போடியில் ஒரு தியேட்டரில் பகல் ஆட்டம். சிலமலையிலிருந்து பஸ்சு கொள்ளாமல் ஆட்கள் வந்துவிட்டார்கள். மச்சானுக்கு உள்ளே வரக் கூச்சம். "எம் மூஞ்சிய நானே எப்புடிப் பாக்குறது?" என்று வாசலில் சோடாக் கடையிலேயே நின்றுகொண்டார். நான் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஆண்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இடுப்பளவு ஒரு சுவர்.

எங்கள் ஆட்கள் சினிமா பார்க்கிற விதமே தனி. படம் ஆரம்பித்து ரொம்ப நேரம் ஆகவில்லை, "இந்த ஊர்ல என்னய்யா வெள்ளாம?" என்று ஒருவர் கேட்டார். "ஒண்ணும் காணமே. எல்லாப் பயலும் சும்மாவே திரியுறான்." இன்னொருவருக்கு வேறு கவலை. "இத்தன குதிர இருக்கு, ஒரு மூட்டகூட ஏத்தல பாரு." அப்போது இருட்டுக்குள்ளிருந்து கனத்த குரல் ஒன்று வந்தது. "மாட்டுக்காரப் படம், மாட்டுக்காரப் படம்னு சொன்னீங்களேடா. ஒரு மாட்டக்கூடக் காணோம்?"

தியேட்டரே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அது அப்பாவின் குரல். எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! போடிக்கு உரம் வாங்க வந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். உரக்கடை தெரு வேறு, தியேட்டர் தெரு வேறு. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். இருட்டில் அவர் தலையில் கட்டுகிற உருமாகூடத் தெரியவில்லை.

மச்சான் பாறை மேல் வந்து நின்றார். "ஏய், நம்ம மாப்ளடா!" என்று விசில் பறந்தது. சுட்டார்கள், உருண்டார். கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் தாடியோடு வந்தார். "அட, பொழச்சுட்டான்யா!" என்று ஒருவர் கத்தினார். மறுபடி செத்தார். ஒற்றைக் கண்ணோடு வந்ததும் ஆட்கள் பெஞ்சிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்து இளித்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். எனக்கென்ன பயம்? கிழவனாகச் சாகும்போது, "இவனுக்கு உசுரு ஏழுடா" என்று யாரோ சொல்ல, பக்கத்தில் இருந்தவள் என் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தாள்.

பேங்கு மேனேஜராகக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். திருடன் துப்பாக்கியை நீட்டினான்.

"போதும்டா! நிறுத்துங்கடா!"

திரையில் ஒரு பெரிய உருமாக்கட்டு நிழல் எழுந்தது. கதாநாயகர் முகம், வில்லன் முகம் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நின்றது. அப்பா பெஞ்சு மேல் ஏறி, படம் போடுகிற வெளிச்சத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"பெரிசு, உக்காருய்யா! மறைக்குது!" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். ஒருவர் துண்டைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, நடிப்புண்ணே. ஒம்ம மருமகன் வெளிய சோடா குடிச்சுக்கிட்டு நிக்கிறான்."

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதாடா? நான் என்ன காட்டுக்குள்ள இருந்தா வந்தேன்?" அப்பா பெண்கள் பக்கம் கையை நீட்டினார். "அங்கிட்டு எம் மக உக்காந்துருக்காடா. ஒரு தடவ சாகட்டும், சரி. எத்தன தடவடா அவ அதப் பாப்பா?"

திரையில் துப்பாக்கி வெடித்தது. அப்பா பெஞ்சிலிருந்து குதித்து, உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மிதித்துக்கொண்டு வெளியே போனார். நான் சிரிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அந்த மனுஷன் நான் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் படம் பார்த்திருக்கிறார். மற்றவர்கள் மச்சானைப் பார்த்துச் சிரித்த நேரமெல்லாம் அவர் என்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். முந்தானையை வாரிச் செருகிக்கொண்டு நானும் வெளியே ஓடினேன்.

வாசலில் வெயிலுக்குக் கண் கூசியது. மச்சான் கையில் சோடா பாட்டிலோடு அப்பா முன்னால் நின்றார். "மாமா" என்றுதான் வாயைத் திறந்தார். அப்பா விட்டார் ஒரு அறை. சோடா பாட்டில் தெருவில் உருண்டது. அடுத்த நிமிஷம் அதே கையால் மச்சானின் சட்டைக் கையை மேலே தூக்கி, முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். உண்ணிச்செடி கிழித்த தழும்பு அங்கே இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவினார்.

"வலிச்சுச்சாடா?"

"இல்ல மாமா. லேசான கீறல்தான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நானும் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஆத்தா, ஒம் புருசன் ஜீப்பு ஓட்டட்டும், லாரி ஓட்டட்டும், எதையும் ஓட்டிக்கிட்டுப் போகட்டும். நான் ஒண்ணும் சொல்லல. இந்தச் சாகுற சோலி மட்டும் வேணாம்னு சொல்லு."

சொல்லி முடித்தாரோ இல்லையோ, உருமாத் துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டு, நட்டநடுத் தெருவில் நின்று அழுதார். நான் அவர் தோளில் விழுந்து ஓவென்று அழுதேன். சோடாக் கடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் மூன்று பேருக்கும் மூன்று சோடா உடைத்தார். மச்சான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சோடாவை வாங்கி அப்பாவிடம் நீட்டினார்.

"இனிமே சாக மாட்டேன் மாமா" என்றார்.